களஞ்சியத்தை எண்ணியவர் யார்?

நெருப்பு உமிழும் பறவை நாகங்களும் எழுந்து நடமாடும் பிணங்களும் நிறைந்த கதையொன்றைப் பற்றி அரசியற் பத்திரிகை எழுதுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவ்வாறு முகஞ் சுளிப்போர் அக்கதையைப் படித்திருக்கமாட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் 'பனியும் நெருப்பும் பற்றிய பாடல்' என்னும் நாவல் வரிசையையே குறிப்பிடுகிறோம். முதற் பாகமாகிய 'அரியணைகளின் ஆட்டம்' 1996இல் வெளிவந்தது; ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. இங்கிலாந்தில் லங்காஸ்டர், யோர்க் என்னும் இரு குலங்கள் முடிக்காக 1455 தொடங்கி ஏறக்குறைய முப்பதாண்டுகள் மோதிக்கொண்ட ரோசாப்பூப் போர்கள் இக்கதைக்கு வித்தாயின.

இந்நூலிலிருந்து ஓர் அரசியற் பாடத்தைக் கற்றுவிட்டதாகச் சொல்லித் திரிவோர் பலர். நல்லவன் ஆளத் தகுதியற்றவன், நெஞ்சில் ஈரமில்லாதவனே நாட்டைக் கட்டியாள வல்லவன் என்பதே அப்பாடமாம்! நேர்மையே உருவான எட்டார்ட் ஸ்டார்க் தலையிழந்தாரே, கல்நெஞ்சர் டைவின் லானிஸ்டர் தலைநகரை ஆண்டாரே என்று சான்றுங் காட்டுவர். இது நூலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்ததன் விளைவு என்பது எமது துணிபு.

மார்ட்டின் படைத்த நாட்டிற் பருவங்கள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. கதை நிகழும் காலத்திற் பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட கோடை முடிவுக்கு வருகிறது. கோடை நீண்டால் அதைத் தொடரும் மாரியும் நீளும் என்பது அந்நாட்டுக் குடியானவரின் அச்சம். இலையுதிர்கால அறுவடை களஞ்சியத்தைச் சேரவேண்டிய அதே வேளையில் ஐந்து பேர் தம்மை அரசரென்று அறிவித்துப் போர்க்கொடி உயர்த்துகின்றனர்! விதைநெல்லின் பெறுமதி அறிந்த எமது வாசகருக்கு இதன் பொருளை விரித்துரைக்கவேண்டியதில்லை.

போருக்கு முன்னரே கருவூலம் வெறுமையாகிவிட்டது. அரசன் ரொபேர்ட் வைத்த கடன் அறுபது இலட்சம் பொற்காசுக்கு மேல். அதிற் பாதி டைவின் குடும்பத்துக்குரியது. அந்நிலையிலும் முதலமைச்சராக வந்த எட்டார்டின் பெயரால், அவரே விரும்பாத விளையாட்டுப் போட்டியொன்று நடக்கிறது. பரிசுத் தொகை மாத்திரம் 90,000 பொற்காசு! ரொபேர்ட் கொடியவனல்லன், நண்பருக்கு இனியவன், போர்க்களத்தில் அஞ்சாதவன். கணக்கேட்டைத் திறந்து பார்க்க மட்டும் அவனுக்குப் பொறுமையில்லை.

வல்லவர் என்று போற்றப்படும் டைவின் செய்தது என்ன? தம் மகனைப் பகைவர் சிறைபிடித்தார்கள் என்பதற்காக, அச்செயலில் எப்பங்கும் இல்லாத ஆற்றங்கரைக் கிராமங்களுக்குத் தீ வைக்கப் படையனுப்பினார். எதிர்ப்பக்கத்தாரும் தூயவரல்லர். ஹரன்ஹால் கோட்டை வடவர் கைக்கு மாறியபோது, முந்திய எசமானருக்கு ஏவல் செய்த குற்றத்துக்காக அரண்மனை வேலையாட்கள் தலையிழந்தனர். சமையல் செய்தவரும் அறை கூட்டியவரும் எந்தக் கொடியை எதிர்த்திருக்க முடியும்?

எம்மை மிகவும் சிந்திக்க வைத்தவள் டெனேரிஸ் என்னும் இளம் அரசியே. அடிமைச் சந்தையாற் செழித்த மூன்று நகரங்களின் விலங்கை அவள் உடைக்கிறாள். இதனினும் நல்ல செயல் உண்டோ? ஆயினும் முதலாவது நகரமாகிய அஸ்தாபோரை ஒரு மருத்துவர், ஓர் அறிஞர், ஒரு குரு ஆகிய மூவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே நடந்துவிடுகிறாள். இறைச்சிக் கடைக்காரனொருவன் அம்மூவரையும் வீழ்த்தி முடிசூடுகிறான். பின்னர் பசியும் நோயும் வாளும் அந்நகரை அழித்துவிடுகின்றன. மூன்றாவது நகரமாகிய மீரீனில் அவள் தங்கி ஆளத் துணிகிறாள். அங்கேதான் அவளுக்கு உண்மையான சோதனை. எசமானர்கள் பின்வாங்கும்போது வயல்களையும் ஒலிவ் தோப்புகளையும் எரித்துவிட்டார்கள். ஒலிவ் மரம் ஓராண்டிற் காய்ப்பதன்று. அடிமை வணிகமின்றேல் அந்நகருக்கு வேறு தொழிலுமில்லை. விடுதலை பெற்றவர்களுட் சிலர், பெரும்பாலும் கற்றவர்கள், எம்மை நாமே விற்றுக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று அவள் முன் வந்து நிற்கிறார்கள்! அவளும் அனுமதித்து விலையிற் பத்திலொரு பங்கை வரியாக எடுத்துக்கொள்கிறாள். விலங்கை உடைத்த கையே விலங்கின்மீது வரி வாங்குகிறது.

ஒரு நாள் அவள் அவைக்கு ஆட்டிடையர் பலர் எரிந்த எலும்புகளோடு வருகின்றனர். அவளுடைய பறவை நாகங்கள் ஆடுகளைத் தின்றன என்று இழப்பீடு கேட்கின்றனர். பொய்க் கணக்குக் காட்டுவோரும் அவர்களுள் உண்டு. எல்லோருக்கும் பின்னால் நின்ற ஒருவன் தன் சாக்கைக் கவிழ்க்கிறான். அதில் இருந்தவை ஆட்டின் எலும்புகளல்ல. நாலு வயதான அவன் மகளின் எலும்புகள். அரசி தன் நாகங்களுள் இரண்டை இருட்டறையிற் பூட்டுகிறாள். மூன்றாவது தப்பிப் பறந்துவிடுகிறது. படைவலியைக் கட்டிப்போட்டாற் பகைவர் துணிவர். கட்டாதுவிட்டாற் குழந்தைகள் மாள்வர். இதற்கு எளிதான விடையொன்றை எழுதிவிட மார்ட்டின் மறுத்திருக்கிறார். அம்மறுப்புக்காகவே நாம் அவரை மதிக்கிறோம்.

வடக்கே பனிமதிலைக் காக்கும் ஜோன் ஸ்னோ என்னும் இளைஞன் களஞ்சியத்தை எண்ணச் செய்கிறான். கையிருப்புப் போதாதென்று கண்டதும், கடல் கடந்த இரும்பு வங்கியிடம் உணவுக்காகக் கடன் வாங்குகிறான். தலைமுறை தலைமுறையாகப் பகைவரென்று எண்ணப்பட்டவர்களை மதிலுக்கு உட்புறமும் அனுமதிக்கிறான். இறுதியில் அவனைக் கத்தியாற் குத்தியோருள் ஒருவர் களஞ்சியத்தை எண்ணிக் கணக்கெழுதிய அதே அதிகாரி! உண்ணும் வாய்கள் பெருகியதை அவராற் பொறுக்க முடியவில்லை. கணக்குத் தெரிந்தவரெல்லாம் நியாயமும் தெரிந்தவரல்லர் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் 2019இல் தம் போக்கில் அதற்கு முடிவு கட்டினார்கள். அம்முடிவில் எமக்கு உடன்பாடில்லை. நகரமொன்று முழுவதும் எரிந்த பின்னர் பிரபுக்கள் ஒரு பந்தலின்கீழ் அமர்ந்து சில நிமிடங்களில் அரசனைத் தெரிந்துவிடுகிறார்கள். எனினும் ஒரு காட்சி மாத்திரம் எம் நினைவை விட்டு நீங்கவில்லை. ஆளப்போகிறவனை மக்களே தெரிந்தால் என்ன என்று சாம்வெல் என்ற இளைஞன் எழுந்து கேட்கிறான். பிரபுக்கள் சிரிக்கின்றனர். அப்படியானால் நாய்க்கும் குதிரைக்கும் வாக்களிக்கலாமே என்கின்றனர். தங்களுக்குள் எத்தனையோ பகை கொண்டவர்கள், அச்சிரிப்பில் மட்டும் ஒன்றுபட்டுவிட்டார்கள்!

மார்ட்டினின் ஆறாம் பாகம் இன்னும் வெளிவரவில்லை. அது வந்தால் அரியணையில் எவர் அமர்ந்தார் என்று பலர் பக்கங்களைப் புரட்டுவர். நாம் முதலிற் தேடப்போவது வேறொன்றை. எரிந்த தோப்புகளுக்குப் பதிலாக மீரீன் மக்கள் அவரை நட்டார்களே, அது காய்த்ததா?