திரைக்குத் தக்க போதனை: சில தப்பபிப்பிராயங்கள்

இணையத்தின் மூலமாகப் பயிற்சி அளிக்கும் முறை நமது தேசத்தில் வேரூன்றிவிட்டது. உபாத்தியாயர், சர்க்கார் சிப்பந்தி, கிராம சுகாதார ஊழியர், தொழிற்சாலைத் தொழிலாளி, பட்டம் பெற்று வேலை தேடும் வாலிபர் ஆகிய சகலருக்கும் ஏதேனும் ஒரு பாடம் இன்று திரை வழியாகவே வந்து சேருகிறது. மத்திய சர்க்கார் 2017-ஆம் வருஷம் ஜூலையில் ‘ஸ்வயம்’ என்பதையும், அதே வருஷம் செப்டம்பரில் ‘தீக்ஷா’ என்பதையும் ஆரம்பித்தனர். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் சதுரக் குறிகள் அச்சிடப்பட்டு, அவற்றைக் கைப்பேசியால் படம் பிடித்தால் பாடம் திரையில் விரியும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. இவை யாவும் வரவேற்கத் தக்கவையே. கல்வி வீடு தேடி வருவதை வேண்டாமென்று சொல்பவன் தேசாபிமானி ஆகமாட்டான்.

ஆயினும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பாடம் எந்தத் திரைக்கு வருகிறது? 2017–18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு 4.4 வீடுகளில்தான் கம்ப்யூட்டர் இருந்தது, பட்டணங்களில் 23.4 வீடுகளில் இருந்தது. கைப்பேசியின் கதையோ வேறு. ‘அசர்’ ஆய்வின்படி, பள்ளியிற் சேர்ந்த குழந்தைகளின் வீடுகளில் ஸ்மார்ட் கைப்பேசி உள்ளவை 2018-இல் நூற்றுக்கு 36.5 ஆக இருந்து, 2021-இல் 67.6 ஆயின. ஆகவே கிராமத்து ஜனங்களுக்குப் பாடசாலை, புத்தகசாலை, பரீட்சை மண்டபம் எல்லாம் உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கண்ணாடிதான். பாடத்தைத் தயாரிப்பவரும், அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போடுபவரும் உட்கார்ந்திருப்பதோ அகன்ற திரையின் முன்னே. இந்த இடைவெளியில்தான் சங்கடம் முழுவதும் பிறக்கிறது.

சில நாட்களுக்கு முன் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்துக்கு நாம் போயிருந்தோம். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் தம் அண்ணனுடைய கைப்பேசியில் பாடம் படித்துக்கொண்டிருந்தார். சூளையில் வேலை செய்வோர் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகளைப் பற்றிய பாடம் அது. சூளையின் உஷ்ண நிலைகளைக் காட்டும் அட்டவணையில் ஆறு பத்திகள். கண்ணுக்குத் தெரிந்தவை இரண்டு. இலக்கத்தைப் பார்க்க இழுத்தால் தலைப்பு மறைந்தது. தலைப்பைப் பார்க்க இழுத்தால் இலக்கம் மறைந்தது. கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பினார். கேள்வி தெரிந்தது, விடைகள் கீழே ஒளிந்தன. ‘அடுத்து’ என்ற பொத்தானில் பாதி திரைக்கு வெளியே கிடந்தது. “பாடம் கஷ்டமாயில்லைங்க ஐயா, பாடத்தைப் பாக்கறதுதான் கஷ்டம்” என்றார் அவர். மூன்று முறை முயன்றும் அவர் கணக்கில் ‘முடிக்கவில்லை’ என்றே பதிவாகியிருந்தது. அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கவில்லை. அதனால் அவர் எதிர்பார்த்த உயர்வும் தள்ளிப் போயிற்று. பிறகு ஒரு நண்பருடைய காரியாலயத்திலிருந்த பெரிய திரையில் அதே பாடத்தை நாம் பார்த்தோம். வெகு லக்ஷணமாக இருந்தது!

இந்த அநீதிக்குக் காரணம் துர்எண்ணமன்று, சில தப்பபிப்பிராயங்களே. அவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலாவது, “கருவி தானே பார்த்துக்கொள்ளும்” என்பது. பாடம் தயாரிக்கும் மென்பொருளை விற்பவர், எந்தத் திரைக்கும் பாடம் தானாகப் பொருந்திக்கொள்ளும் என்கிறார், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். 2010 மே மாதத்தில் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இம்முறைக்குப் பெயரிட்டு விளக்கி எழுதினார். அவர் சொன்ன அங்கங்கள் மூன்று: பத்திகளின் அகலத்தை நிலையான அளவாக வையாமல் விகிதமாக வைப்பது, படங்கள் தம் பத்திக்குள் அடங்கி விரியவும் சுருங்கவும் செய்வது, திரையின் அகலத்தைக் கேட்டறிந்து அமைப்பை மாற்றும் விதிகளை எழுதுவது. மூன்றும் சிறந்த உபாயங்களே. ஆனால் இவை பெட்டிகளை இடம் மாற்றி வைக்குமேயன்றி, எந்தப் பெட்டி எதனோடு சேர்ந்தால்தான் பொருள் விளங்கும் என்பதை அறியமாட்டா. படத்தையும் விளக்கத்தையும் பக்கம் பக்கமாக வைத்த பாடம் சிறு திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது, சூளையின் படம் மேலேயும், அதன் பாகங்களைக் கூறும் குறிப்பு நான்கு திரை தள்ளிக் கீழேயும் போய்விடலாம். கருவி தன் கடமையைச் செய்துவிட்டது, பாடமோ செத்துவிட்டது.

நமது முன்னோர் இந்தச் சங்கடத்தை வேறொரு உருவத்தில் கண்டவர்களே. பனையோலையில் செய்யுள் அடி பிரியாமல், புள்ளியும் இல்லாமல், ஏட்டின் நீளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஏட்டின் சாயலையா காகிதத்தில் பதித்தார்? அடி பிரித்தார், பாடபேதங்களை ஒப்பிட்டார், உரையைச் செய்யுளோடு இசைத்து வைத்தார். நூல் ஒன்றே, அதைத் தாங்கும் பொருள் மாறியபோது, வாசிப்பவனுக்கு விளங்கும்படி அமைப்பு மாறிற்று. அந்த மாற்றத்தைச் செய்தது அச்சியந்திரமன்று. நூலை அறிந்த அறிஞர்.

இரண்டாவது தப்பபிப்பிராயம் முதலாவதைவிடக் கொடிது. “கைப்பேசிக்காரனுக்குச் சுருக்கம் போதும், விரிவான பாடம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு” என்பதே அது. சிறிய திரைக்குத் தக்கபடி செய்தல் என்றால் விஷயத்தை வெட்டுதல் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, உதாரணங்களையும் பயிற்சிக் கணக்குகளையும் நீக்கிவிடுகிறார்கள். விளைவு என்ன? பட்டணத்தான் முழுப்பாடம் படிக்கிறான். கம்மாபுரத்தான் தலைப்புகளைப் படிக்கிறான். பரீட்சை மட்டும் இருவருக்கும் ஒன்று. ஒரே பந்தியில் ஒருவனுக்குத் தலைவாழை இலையும் மற்றவனுக்குக் கிழிந்த துண்டும் போடுவதை நாம் சகிப்போமா? திரை சிறிதென்றால் ஒரு தடவையில் காட்டுவது சிறிதாகலாம். மொத்தத்தில் கற்பிப்பது சிறிதாகலாகாது. நீண்ட பாடத்தைத் தனித்தனியே பொருள் முடிவுபெறும் சிறு பகுதிகளாகப் பிரித்து, முக்கியமானதை முன்னே வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி செய்தால் கைப்பேசியிலும் முழுப்பாடம் படிக்கலாம்.

மூன்றாவது, “ஒவ்வொரு திரைக்கும் தனிப்பாடம் செய்ய வேண்டும், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?” என்பது. இதற்கு நீண்ட பதில் வேண்டுவதில்லை. தனித்தனிப் பிரதிகள் செய்யும் வீண் செலவை ஒழிப்பதற்கே மார்காட்டின் முறை பிறந்தது. சிறு திரையை முதலில் மனத்தில் வைத்துப் பாடத்தை எழுதினால், பெரிய திரைக்கு அதை விரிப்பது சுலபம். பெரியதில் எழுதிவிட்டுப் பிறகு சிறியதில் திணிக்க முற்படும்போதுதான் இரட்டைச் செலவு. பாடத்தை ஒரே பாத்திரத்தோடு ஒட்டவைப்பவர் அடையும் நஷ்டத்துக்கு ‘பிளாஷ்’ முறையே சாட்சி. அம்முறையில் ஏராளமான பாடங்கள் செய்யப்பட்டன. ஐபோன் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி கம்பெனியும் அதைக் கைவிட்டது. மாற்றி எழுதப்படாத பாடங்கள் திறக்க முடியாத பெட்டகங்களாயின.

நான்காவது, “அகலத்தைக் கவனித்தால் போதும்” என்ற எண்ணம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியைக் கேட்டால் இதற்கு விடை சொல்வார். பெரிய ஜாடியை அப்படியே சிறிதாக்கினால் கோப்பை ஆகிவிடாது. ஜாடியைப் பாதியாக்கலாம், பிடியைப் பாதியாக்க முடியாது, ஏனெனில் பிடிக்கும் விரல் பாதியாவதில்லை. திரையிலும் அப்படியே. கம்ப்யூட்டரில் சுட்டியின் கூரிய முனையால் அழுத்தும் சிறு பொத்தானை, மண்ணில் உழைத்த விரல் எப்படி அழுத்தும்? உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜூனில் வெளியிட்ட நெறிகளின் உயர்தர விதி, தொடும் இடத்துக்கு 44 புள்ளி நீளமும் 44 புள்ளி அகலமும் கேட்கிறது. 320 புள்ளி அகலமுள்ள திரையில், பக்கவாட்டில் இழுக்காமலே வாசிக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளில் ஒன்று. அட்டவணைகளுக்கும் வரைபடங்களுக்கும் அவ்விதியில் விலக்குண்டு. ஆகவே ஆறு பத்தி அட்டவணையை விதி காப்பாற்றாது. உஷ்ண நிலை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டாக்கி, ‘இந்த உஷ்ணத்தில் இதைச் செய், இதைச் செய்யாதே’ என்று எழுதுவது போதிப்பவனுடைய பொறுப்பு.

இன்னும் உண்டு. திண்ணையின் வெயிலில் மங்கலான எழுத்துத் தெரியாது. ஒரு கைப்பேசியை அண்ணன், தம்பி, தாய் மூவர் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் முக்கால் மணி நேரப் பாடத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாது. ஸ்மார்ட் கைப்பேசி உள்ள வீடுகளிலும் நூற்றுக்கு 26 குழந்தைகளுக்கு அது கையில் கிடைப்பதில்லை என்று அதே 2021-ஆம் வருஷத்து ஆய்வு கூறிற்று. அலைவரிசை தளர்ந்தால் சலனப்படம் நின்றுவிடும். அதே விஷயம் எழுத்திலும் இருந்தால் படிப்பு நிற்காது.

தமிழுக்கென்று தனிச் சங்கடமும் இருக்கிறது. அந்நிய பாஷையின் சிறு சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் நமது ‘சமர்ப்பிக்கவும்’ அடங்குவதில்லை. வால் அறுந்து நிற்கிறது. எழுத்துரு சிதையுமென்று அஞ்சிப் பத்தி பத்தியாகத் தமிழைப் படமாக்கி ஒட்டுகிறவர்களும் உளர். படமாகிவிட்ட எழுத்து திரைக்கேற்ப மடங்காது. பெரிதாக்கினால் வெளியே ஓடும். பார்வையற்றவருக்கு உரக்க வாசித்துக் காட்டும் கருவிக்கும் புலப்படாது. 2010-ஆம் வருஷத்திலேயே தமிழ்நாட்டு அரசு யூனிகோட் முறையை அங்கீகரித்துவிட்டபின் இந்த அச்சத்துக்கு இடமேது?

ஐந்தாவது தப்பபிப்பிராயம், “இது தொழில்நுட்பக்காரர் வேலை, உபாத்தியாயருக்கு இதில் என்ன?” என்பது. மேலே கூறியவற்றில் எதை முன்வைப்பது, எதை எதனோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளே நிறைந்திருக்கின்றன. இவை போதனையைப் பற்றிய கேள்விகள். கொல்லனுக்கு இரும்பு தெரியும். நிலத்துக்கு எந்தக் கொழு வேண்டும் என்பதை உழுகிறவனைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் நியாயமான பகுதியும் உண்டு. வக்கீல் தொழில் செய்தவன் அதை மறைக்கலாகாது. பீங்கான் அச்சுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதையும், பெரிய கணக்கேடுகளைக் கையாளுவதையும் உள்ளங்கைத் திரையில் செவ்வனே கற்பிக்க முடியாது. அத்தகைய பாடங்களில் முதல் வரியிலேயே அதை உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். அத்துடன், ஒன்றியத் தலைமையிடத்திலோ பொது நூலகத்திலோ பெரிய திரை ஒன்றை அமைத்து, கூலி வேலை முடிந்து வருவோருக்கு மாலையில் திறந்துவைக்கவும் வேண்டும். முடியாததை முடியுமென்று விளம்பரம் செய்துவிட்டு, முடிக்காத குற்றத்தை மாணவன் தலையில் கட்டுவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

இது வசதியைப் பற்றிய வழக்கன்று, உரிமையைப் பற்றியது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கண்பார்வை இழந்தோரும் திராவக வீச்சினால் பாதிக்கப்பட்டோரும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து அளிக்கும் ஜீவ உரிமையின் அங்கம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அடையாளச் சரிபார்ப்பு முறையைப் பற்றியது. ஆனால் அதன் தத்துவம் அவ்வளவில் நிற்பதன்று. பொதுப்பணத்தில் செய்த பாடம் பொதுஜனங்களின் கையிலுள்ள கருவியில் திறக்காவிடில், அது சிலருக்கு மட்டும் செய்த பாடமே.

ஆதலால் நமது யோசனை ஒன்றே. பொதுப்பணத்தில் தயாராகும் எந்த இணையவழிப் பயிற்சிக்கும், அதைக் கற்க வேண்டிய ஜனங்களில் பத்துப் பேர், தம் சொந்தக் கைப்பேசியில், தம் ஊரிலேயே, பிறர் உதவியின்றி அதை ஆரம்பம் முதல் இறுதி வரை முடித்துக் காட்டிய பின்னரே தொகை கொடுக்க வேண்டும். இந்த ஷரத்தை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். கையெழுத்திடும் அதிகாரியும் தமது அகன்ற திரையை அணைத்துவிட்டு, கைப்பேசியில் ஒரு முறை அப்பாடத்தைப் படித்து முடித்தபின் பேனாவை எடுக்கட்டும்.

ஊர்தோறும் உழைக்கும் நமது ஊழியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாலைக்கும் குடிநீருக்கும் மனு எழுதுவதுபோல் இதற்கும் எழுதுங்கள். உங்கள் ஊர் வாலிபர் ஒருவரின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் பாடம் படிப்பதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறது, எந்த இடத்தில் கண் தேடுகிறது என்று குறித்துக்கொண்டு, அக்குறிப்பைப் பாடத்தை அளித்தவர்களுக்கே அனுப்புங்கள். கம்மாபுரத்துத் திண்ணையில் திறக்காத பாடம், தலைநகரில் எவ்வளவு பிரகாசித்தாலும் பாடமாகாது.