பாரிமுனைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்

திண்டிவனத்தில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அட்டை எடுக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போனால், பாரிமுனையைச் சுற்றாமல் திரும்ப மாட்டேன். ஆர்மீனியன் தெரு ஒன்றிலேயே கச்சாலீஸ்வரர் கோயில், கத்தோலிக்கப் பேராலயம், 1772-இல் எழுந்த ஆர்மீனிய தேவாலயம். அதைக் கட்டிய வணிகர்களின் சமூகம் இன்று சென்னையில் இல்லை. ஆனால் தேவாலயத்தில் லண்டனில் வார்த்த மணிகள் இன்னும் இருக்கின்றன. பவளக்காரத் தெருவில் ஒருகாலத்தில் யூதர்கள் பவளம் விற்றார்கள். தம்புச் செட்டித் தெருவில் பாரதி வணங்கிய காளிகாம்பாள். கடற்கரை ரயில் நிலையப் பக்கம் போனால், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவு. அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும்!

நம்மூர்ப் பள்ளிச் சுற்றுலாக்களோ வண்டலூர், மெரினாவோடு முடிந்துவிடுகின்றன. துறைமுகம் வளர்த்த இந்தத் தெருக்கள் சொல்லும் வரலாறு பாடப்புத்தகத்தில் இல்லை. ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் பாரிமுனைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.