கோட்டையில் தீர்மானம், பவானிசாகரில் முகாம்!

பவானிசாகர் அணைக்குப் போகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பார்கள். பொரித்த மீன் வாங்கித் தின்பார்கள். பஸ் ஏறித் திரும்பி விடுவார்கள். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அரச்சலூரிலும் முகாம் உண்டு. கோவைக்கு மேற்கே பூலுவப்பட்டியிலும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இப்படிப்பட்ட முகாம்களில்தான் வாழ்கிறார்கள். ஆண்களில் பலருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை.

இலங்கை சர்க்கார் அங்குள்ள தமிழர்களைக் கொடுமைப்படுத்தியதைத் தமிழ்நாடு சட்டசபை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2009-இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அந்த ஆண்டு ஜூன் 8-ந் தேதி, இலங்கை மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று சட்டசபை தீர்மானம் போட்டது. 2013 மார்ச் 27-ந் தேதி இன்னொரு தீர்மானம். கொண்டு வந்தவர் முதல்-மந்திரி ஜெயலலிதா. இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்த வேண்டும், தனி ஈழம் பற்றித் தமிழர்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டது. அந்த மாதம் தமிழ்நாடு முழுவதும் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள்.

டெல்லி கேட்டதா?

பொருளாதாரத் தடை வரவில்லை. வெளிநாட்டு விவகாரம் மத்திய சர்க்காரின் அதிகாரம். சட்டசபை கேட்கலாம்; கட்டளை போட முடியாது. ஆனாலும் தீர்மானம் வெறும் காகிதம் என்று தள்ளிவிடக் கூடாது. கொழும்பில் நடக்க இருந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு இந்தியா போகவே கூடாது என்று 2013 அக்டோபரில் சட்டசபை சொன்னது. பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளிநாட்டு மந்திரி போனார். பாதி கேட்டது டெல்லி!

பல்கேரியாவில் நடந்தது

ஐரோப்பாவில் பல்கேரியா என்று ஒரு நாடு. அங்கே துருக்கியர்கள் சிறுபான்மையினர். 1984-இல் அந்த நாட்டுக் கம்யூனிஸ்டு சர்க்கார் அவர்களுடைய பெயர்களையே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. பெற்றவர்கள் வைத்த பெயரை சர்க்கார் பிடுங்கியது! 1989-இல் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் துருக்கிக்கு ஓடினார்கள். துருக்கி வாயால் மட்டும் கண்டிக்கவில்லை. வந்து தங்கியவர்களுக்குப் பிரஜா உரிமையும் கொடுத்தது. 2012-இல் பல்கேரியப் பார்லிமெண்டே அந்தப் பழைய கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

இங்கே பிறந்தும்...

கொங்கு நாட்டு முகாமில் பிறந்த பிள்ளையின் நிலை என்ன? 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால் இந்தியப் பிரஜை. அதற்குப் பிறகு பிறந்திருந்தால், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். இரண்டு பேருமே அகதிகள் என்றால் பிள்ளையும் அந்நியர்தான். பள்ளிக்கூடம் போகலாம், கொங்குத் தமிழே பேசலாம். பிரஜா உரிமை கிடையாது.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த சில மதத்தினருக்கு வழி பிறந்தது. பட்டியலில் இலங்கை இல்லை. அந்தத் திருத்தத்தை ரத்து செய்யும்படி 2021 செப்டம்பரில் சட்டசபை கேட்டது. 2025-இல் மத்திய சர்க்கார் ஒரு சலுகை தந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்காகத் தண்டனை இல்லை. நல்லதுதான். ஆனால், தண்டனை இல்லை என்பது வேறு, பிரஜா உரிமை என்பது வேறு.

சட்டத்தைத் திருத்த வேண்டியது பார்லிமெண்டு. தமிழ்நாட்டில் இருந்து லோக்சபைக்குப் போகிறவர்கள் 39 பேர். பிரஜா உரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுக் கேட்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டிய அவசியம் அந்த 39 பேரில் யாருக்கும் இல்லை.