செய்தி சேரும் வாசல்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கையில் எடுப்போர் பலவகையினர். முதற்பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிப்போர் சிலர். பின்பக்கத்து விளையாட்டுச் செய்தியிலிருந்து முன்னோக்கி வருவோர் சிலர். இராசிபலனைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை விசிறியாக்கிக் கொள்வோரும் உளர். சப்பிரகமுவத் தோட்டங்களில் வாசிக்கும் முறை சற்று வேறு. லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை உரக்க வாசிக்கும்; பெரியவர்கள் கேட்டிருப்பர். எந்த வாரத்துப் பத்திரிகையாயினும் வானிலை, சம்பளம், இரத்தினக்கல் ஆகிய மூன்றினுள் ஒன்றேனும் அதில் இடம்பெறாதிருப்பதில்லை. அவற்றை அந்த இஸ்தோப்பில் இருந்துகொண்டே நாமும் வாசித்துப் பார்ப்போம்.

"சப்பிரகமுவ மாகாணத்தில் மழை பெய்யக்கூடும்" என்னும் வரியைக் கண்டதும் நகரத்தார் குடையைத் தேடுவர். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பால் வெட்டுவோர்க்கோ அது அடுப்பைப் பற்றிய செய்தி. இறப்பர் மரத்துப் பால் வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையிலேதான் நன்கு வடியும். அதனாலேயே அவர்கள் விடியுமுன் கத்தியும் வாளியுமாகப் புறப்படுகின்றனர். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டின் வழியே சிரட்டைக்கு இறங்காது. மரமெங்கும் பரந்து வீணாகும். ஆகவே மழை நாளிற் பால்வெட்டு இல்லை. வேறு வேலை கொடுபடாவிடின் அன்றைய 'பேர்' இல்லை. பேர் இல்லையேற் சம்பளமும் இல்லை.

அடுத்தது சம்பளம். 2025 நவெம்பர் 7ஆந் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், வருகைக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசு வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. கூட்டினால் 1,750 ரூபா. 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவைப் பெறுவதற்கு எத்துணை நெடிய போராட்டம் வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர் இதனை வரவேற்கவே செய்வர், யாமும் வரவேற்கின்றோம்.

ஆயினும், நாட்சம்பளம் என்பது நாள்களாற் பெருக்கப்படவேண்டிய தொகை என்பதை மறத்தல் ஆகாது. இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தால் 43,750 ரூபா. மழையும் வேலைக்குறைவும் சேர்ந்து அதனைப் பதினான்கு நாளாக்கிவிட்டால் 24,500 ரூபாவே. கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் விழுந்தால் இக்கணக்கும் தவறிப்போம். தலைப்புச் செய்தியில் 1,750 என்பது பெரிய எழுத்தில் வருகிறது. எத்தனை நாள் என்பதோ சிறிய எழுத்திலும் வருவதில்லை.

மூன்றாவது, இரத்தினபுரிக்குப் பெயர் தந்த பொருள். 2021 ஜூலையில் இந்நகரத்தின் வீட்டு வளவொன்றிற் கிணறு வெட்டியபோது 510 கிலோகிராம் நிறையுள்ள நீலக்கற் திரள் வெளிப்பட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. முதலிற் கண்டவர் கிணறு வெட்டிய தொழிலாளி. கல்லுக்கு உரியவர் காணிக்கு உரியவர். இதில் முறைகேடு ஏதுமில்லை. உலக வழக்கம் அதுவே. எனினும் லயத்திற் பிறந்த பிள்ளை இச்செய்தியை வாசிக்கும்போது, "நம்ம வாசல்ல கெணறு வெட்டலாமா, தாத்தா?" என்று கேட்டால், தாத்தா என்ன விடை கூறுவார்? காவத்தையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், குளியலறைக்குச் சுவர் எழுப்பவும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எதிர்பார்க்கும் குடும்பங்கள் பல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964இலும் 1974இலும் இரு நாட்டு ஒப்பந்தங்களால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரும் இந்நாட்டுக் குடிமக்களாயினர். நாடு கிடைத்தது. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று பேசப்படும் காணியோ சிலர்க்குக் கிடைத்தது, பலர்க்குக் கிடைக்கவில்லை.

காணி இல்லையேல் முகவரியும் இல்லை. இதன் பொருளை எனக்குக் கற்பித்தவள் என் மாணவி ஒருத்தி. ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு அவளை அழைத்த கடிதம், தோட்டத்துக்கு வரும் கடிதக்கட்டுடன் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கே ஒரு மேசையிற் பல நாள் கிடந்தது. அவள் கைக்கு வந்தபோது, "தேதி முந்தாநாளே முடிஞ்சிருச்சு, சேர்" என்று கூறி அதனை என்னிடம் நீட்டினாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்த தீங்கன்று அது. வாசலுக்கு இலக்கம் இல்லாமையால் நேர்ந்தது. ஓராண்டு போயிற்று.

கடிதம் பிந்தினால் ஓராண்டு போம். மழைக்காலத்து எச்சரிக்கை பிந்தினால் உயிரே போம். 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அன்றே புளத்கொகுபிட்டியவின் களுபான தோட்டத்தில் லயக் காம்பராக்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற குறையும் அப்போது எழுந்தது. எச்சரிக்கை என்பது எழுதி வெளியிட்டவுடன் முடிந்த காரியம் அன்று. அது கேட்போரின் மொழியில், அவர் வாசலுக்கு வந்து சேரவேண்டும். "வெளியேறுங்கள்" என்றால் எங்கே செல்வது என்பதையும் அது கூறவேண்டும்.

அரசு செய்யவேண்டியதை அரசு செய்யட்டும். மாணவர் இன்றே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பில் மஞ்சள் நிறம் விழிப்பாக இருக்கவும், செம்மஞ்சள் புறப்பட ஆயத்தமாகவும், சிவப்பு உடனே வெளியேறவும் கூறுவன. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், திடீரென ஊற்றுத் தோன்றுதல், தெளிந்த ஊற்றுக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியன மலை சரியுமுன் காட்டக்கூடிய அடையாளங்கள். அடுத்த ஞாயிறு பத்திரிகையை உரக்க வாசிக்கும் பிள்ளைகள் இவற்றையும் வீட்டிலுள்ளோர்க்கு உரக்கச் சொல்வார்களாக.

அம்மாணவி மறுமுறை விண்ணப்பித்தபோது, முகவரி எழுதும் இடத்திற் சற்றே தயங்கி, எம் கல்லூரியின் முகவரியை எழுதினாள். கடிதம் உரிய காலத்தில் வந்தது. இன்று அவள் ஆசிரியை. அவள் தாய்க்கு எழுதும் கடிதங்கள் மட்டும் இன்றும் தோட்டக் கந்தோருக்கே செல்கின்றன.