காத்திருப்பவனுக்கு ஏன் புத்தி சொல்கிறீர்கள்?

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் பார்த்தேன். கூட ஆடுகிறவன் ஆமையாக நகர்ந்தால், காத்து நிற்கிறவனுக்குத்தான் புத்தி சொல்வார்கள். மூச்சை இழுத்து விடு, மரத்தைப் பார், கோபப்பட்டால் உன் ஆட்டம்தான் கெடும். தாமதம் செய்கிறவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். லேட்டாக வந்த பையனை உட்காரச் சொல்லிவிட்டு, நேரத்துக்கு வந்தவனுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்ததில்லை.

வாத்தியாருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஒரு கோடையைக் கழித்தபோது ஒட்டிக்கொண்ட சம்பந்தம். அவர்கள் கோஷ்டியில் ஒரு ஆள் குறைந்தால் என்னை இழுத்துப் போவார்கள். நான் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. 18 குழிகளை முடிக்க எனக்கு 120 அடியாவது வேண்டும். ஆனால் என்னால் யாரும் காத்து நின்றதில்லை. என் முறை வரும்போது மட்டை கையில் இருக்கும். அடிப்பேன், தப்பாகப் போகும், நடப்பேன்.

மெதுவாக ஆடுகிறவர் எல்லாம் புதியவர் என்பது பொய். எங்களோடு வந்த தம்பி நன்றாக ஆடுவான். அவன் முறை வரும்வரை போனைப் பார்ப்பான். வந்த பிறகுதான் கையுறையைத் தேடுவான். கருவியை எடுத்துத் தூரம் அளப்பான். புல்லைப் பிய்த்துக் காற்றில் விடுவான். நாலு முறை வெறும் வீச்சு. அப்புறம் தலையை ஆட்டிவிட்டு வேறு மட்டை எடுக்கப் போவான்! இரண்டடி தூரத்தில் குழி இருக்கும், அதை நாலு பக்கமும் குந்திப் பார்ப்பான், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. எல்லாம் முடிந்து, பின்னால் ஆள் நிற்கும்போது, அந்தப் புல்தரையிலேயே நின்று அட்டையில் எண்ணிக்கை எழுதுவான்.

கணக்குப் போடுங்கள். அவனுக்கு 90 அடி. ஒவ்வொன்றுக்கும் 40 நொடி கூடுதல் என்றால் 3600 நொடி. சரியாக ஒரு மணி நேரம். அதை அவன் தன் பையிலிருந்தா கொடுக்கிறான்?

அங்கே பொது மைதானங்களில் சாயங்காலம் ஆடக் கட்டணம் குறைவு. அன்று நாலரை மணிக்கு ஆரம்பித்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு தகப்பனும் பத்து வயது மகளும். அந்தப் பெண் ஒவ்வொரு குழியிலும் மட்டையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். எங்களுக்கு முன்னால் ஒரு குழி முழுக்கக் காலி. அவர்களை முன்னே போகவிடலாமே என்றேன். "அங்கிள், நாமும் காசு குடுத்துத்தானே ஆடறோம்?" என்றான் தம்பி. மகன் என் கையை அழுத்தினான். "அப்பா, விடுங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவன்." விட்டேன். பதினான்காவது குழியில் இருட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். 18 குழிக்குக் காசு கொடுத்தவர்கள்தான் அவர்களும்.

விதி இல்லாமல் இல்லை. 2019இல் விதிகளைத் திருத்தினார்கள். தொலைந்த பந்தைத் தேட இருந்த 5 நிமிடத்தை 3 ஆக்கினார்கள். 40 நொடிக்குள் அடித்துவிடப் பரிந்துரைத்தார்கள். மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில், ஆபத்தில்லை என்றால் தயாராக இருப்பவர் முறை பார்க்காமல் அடிக்கலாம் என்றார்கள். எழுதி வைத்து என்ன பயன்? யார் மேல் பாய்கிறது விதி? 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் தாமதத்துக்காக ஒரு அடி தண்டனை வாங்கியவன் குவான் தியன்லாங், சீனாவிலிருந்து வந்த 14 வயதுப் பையன். 2018 ஜனவரியில் டோரி பைன்ஸ் மைதானத்தில், கடைசி நாள் கடைசிக் குழியில், ஜே.பி. ஹோம்ஸ் ஒரே அடிக்கு நாலு நிமிடத்துக்கு மேல் யோசித்தார். கூட ஆடிய அலெக்ஸ் நோரன் கோப்பைக்கான போட்டியில் இருந்தவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஹோம்ஸுக்குத் தண்டனை கிடையாது. கடைசிப் பெஞ்சுப் பையனுக்குப் பிரம்பு, லீடருக்குச் சலுகை. பள்ளிக்கூடத்தில் பார்க்காததா?

"விளையாட்டுதானே சார், நிதானமா ஆடினா என்ன?" என்று ஒருவர் கேட்டார். நிதானமாக நடங்கள், அரட்டை அடியுங்கள், யார் வேண்டாம் என்றது? அடுத்தவர் அடிக்கும்போதே உங்கள் மட்டையை எடுத்து வைத்துக்கொள்ள என்ன அவசரம் தேவைப்படுகிறது? பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டால் கிரீடம் விழுந்துவிடுமா?

எனக்கு அந்தத் தம்பியைவிட என் மேல்தான் கோபம். மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் நாகரிகம் பார்த்தோம். எங்கள் நாகரிகத்துக்கு விலை கொடுத்தது அந்தச் சின்னப் பெண்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது குழியிலேயே சொல்லிவிட்டேன். "தம்பி, போனை உள்ளே வை. அளக்கிறதை உன் முறை வருமுன்னே அள. ரெண்டாந்தரம் மட்டை மாத்தினா நான் அடிச்சிட்டுப் போயிடுவேன்." முகம் சுருங்கிவிட்டது. இரண்டு குழி பேசவில்லை. மகன் என்னை முறைத்தான். ஆட்டம் 4 மணி 10 நிமிடத்தில் முடிந்தது, வெளிச்சம் இருக்கும்போதே.

அந்தத் தம்பி என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறான். அதற்கப்புறம் என் பதிவு எதற்கும் லைக் போட்டதில்லை. இதையும் படிப்பான். படிக்கட்டும்.