மேசை மேல் மலேயா யுத்தம்!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியுள்ளவர்களிடையே ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு மேசை. அதன் மேல் அட்டைக் குடிசைகள், பொம்மைத் தென்னைகள், பச்சை வர்ணம் பூசிய காடு. ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்த, ஓர் அங்குல உயரச் சிப்பாய்கள். தொப்பி, துப்பாக்கி, இடுப்பு வார் எல்லாம் மெல்லிய தூரிகையால் தீட்டியிருக்கும். இந்தப் பக்கம் ஒருவர், எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று, அளவு நாடாவால் அளந்து பொம்மைகளை நகர்த்துவார்கள். பகடை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பார்த்து எந்தப் பொம்மை செத்தது, எது பிழைத்தது என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

இது புதுச் சரக்கல்ல. 1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு இப்படி ஒரு விளையாட்டை ஏற்றுக் கொண்டது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ், சோஷலிஸ்ட் என்று சொல்லிக் கொண்டவர்தான், பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு விதிகள் வகுத்துப் புத்தகமே எழுதினார். மறு வருஷம் நிஜ யுத்தம் வந்தது!

நெப்போலியன் சேனையையும் அவனை எதிர்த்த சேனையையும் மேசை மேல் மோத விட்டால் நமக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இப்போது அவர்கள் விளையாடுவது வேறு ரகம். வியத்நாம், இராக், ஆப்கானிஸ்தான், மலேயா. ஏகாதிபத்தியப் படை இன்னொருவர் நாட்டில் புகுந்து, அந்த நாட்டு மக்களின் கிளர்ச்சியை அடக்கிய யுத்தங்கள். ரோந்து போகும் பத்துச் சிப்பாய்கள், புதரில் பதுங்கிய ஐந்தாறு கொரில்லாக்கள், அவ்வளவுதான் ஆட்டம். ஒரு பொம்மைக்கு ஓர் ஆள்.

"எவனோ பொம்மை வைத்து விளையாடுகிறான், ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற எனக்கென்ன?" என்று கேட்பீர்கள். மலேயாவின் பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதி நம் ஜனங்கள். அந்த மேசையில் அவர்களுக்கு எந்த இடம் கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

முதலில் விதிகளைப் பாருங்கள். இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களுக்கென்று எழுதிய ஒரு விளையாட்டில், பயிற்சியற்ற கிளர்ச்சிக்காரனுக்கு ஆறு முகப் பகடை. தேர்ந்த சிப்பாய்க்கு எட்டு முகம், பத்து முகம். கிளர்ச்சிக்காரன் சாகச் சாக, மேசையில் குறித்த இடங்களிலிருந்து புதிய கிளர்ச்சிக்காரன் முளைத்துக் கொண்டே இருப்பான், மழைக்குப் பின் ஈசல் போல. அவனுக்கு ஊர் இல்லை, தாய் இல்லை, குறை இல்லை. அந்நியச் சிப்பாய் ஒருவன் காயம்பட்டாலோ புள்ளிக் கணக்கில் பெரிய அடி. சில விளையாட்டில் பொது ஜனங்களும் பொம்மையாக வருவதுண்டு. அவர்கள் மேல் குண்டு பட்டால் புள்ளி குறையும். ஒரு மனிதன் செத்தான் என்பதல்ல கணக்கு, நமக்குப் புள்ளி போச்சே என்பதுதான் கணக்கு!

இனி நிஜத்துக்கு வருவோம். 1948 டிசம்பர் மாதம், சிலாங்கூரில் பத்தாங் காலி என்னும் இடம். ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் ரோந்துக் குழு ஒன்று ரப்பர்த் தோட்டக் குடியிருப்புக்குள் நுழைந்தது. மேசை விளையாட்டுக்கு வெட்டி வைத்தாற்போன்ற அளவுள்ள குழு. எதிரே யார்? ஆயுதம் எதுவும் இல்லாத சீனத் தொழிலாளர்கள். ஆண்களைத் தனியே பிரித்தார்கள். ஒருவரை அன்றைக்கே சுட்டார்கள். மறுநாள் பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். மொத்தம் 24 பேர். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். "தப்பி ஓடப் பார்த்தார்கள், சுட்டோம்" என்றது சர்க்கார். சுட்ட சிப்பாய்களில் சிலர் இருபது வருஷம் கழித்து, அது பொய்யென்று பிரமாணம் செய்து சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் லண்டன் வரை வழக்காடினார்கள். விசாரணை நடத்தச் சட்டப்படி கடமை இல்லை என்று 2015-ல் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் கைவிரித்துவிட்டது.

இந்தச் சம்பவத்தை மேசை மேல் விளையாட முடியுமா? முடியாது. எதிர்ப்பக்கம் நிற்க ஆள் இல்லை, உருட்டப் பகடை இல்லை. ஆகவே அது விளையாட்டில் வருவதே இல்லை. இருபக்கமும் துப்பாக்கி இருந்த பொழுதுகளை மட்டும் பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தால், யுத்தம் முழுவதுமே சமபலமுள்ளவர்களின் மல்யுத்தம் போலத் தோன்றிவிடுகிறது.

கொரில்லாவைக் காட்டில் தேடிச் சுட்டது மலேயா யுத்தத்தில் ஒரு பகுதிதான். பெரும் பகுதி நடந்தது கிராமத்தில், தோட்டத்து லயத்தில், அரிசிப் பானையில். 1950-ல் பிரிக்ஸ் என்ற தளபதி போட்ட திட்டப்படி சுமார் ஐந்து லட்சம் ஜனங்களைப் பெயர்த்து, முள்கம்பி போட்ட "புதுக் கிராமங்களில்" அடைத்தார்கள். தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் ஓரிடத்தில் நெருக்கி வேலி போட்டார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள், மடியில் அரிசி இருக்கிறதா என்று! சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொதுச் சமையல் கூடத்தில் வடித்த சோறாகக் கொடுத்தார்கள். 1952-ல் தஞ்சோங் மாலிம் அருகே கொரில்லாத் தாக்குதல் நடந்தபோது, டெம்ப்ளர் துரை அந்த ஊருக்கே தண்டனை விதித்தார்: நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. வெறும் வயிற்றோடு பிள்ளைகள் படுத்த இரவுக்கு எந்தப் பகடையில் எண் இருக்கிறது?

சண்டை ஏன் மூண்டது என்பதும் மேசையில் இல்லை. பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்ததில் மலேயா ரப்பருக்கு முதலிடம். அதைச் சுரந்து கொடுத்த தொழிலாளி கூலி கேட்டு, சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்தான். 1948-ல் சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் சேரக் கூடாதென்றார்கள். அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனம் ஜூன் மாதம் சட்டவிரோதமாயிற்று. அதன் தலைவர் யார் தெரியுமா? தஞ்சை மண்ணில் பிறந்த எஸ்.ஏ.கணபதி. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டும் கேளாமல், 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1960 வரை நீடித்த இத்தனைக்கும் அவர்கள் வைத்த பெயர் யுத்தம் அல்ல, "அவசரநிலை". யுத்தம் என்றால் தோட்ட முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வராது என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

கொரில்லாக்கள் தவறே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. பால்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அதில் முதலாளியை விடத் தொழிலாளியின் வயிறுதான் காய்ந்தது. 1951 அக்டோபரில் மலேயாக் கட்சியே, ஜனங்களைத் துன்புறுத்தும் இம்மாதிரிக் காரியங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஒரு யுத்தத்தின் போக்கை மாற்றுவது இத்தகைய முடிவுகள். அதையும் அந்த மேசையில் காண முடியாது.

விளையாடுகிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. "சரித்திரத்தைத் தேடிப் படிக்கிறோம், யுத்தத்தின் கோரத்தை அறிகிறோம்" என்பார்கள். சிலர் மெய்யாகவே படிக்கிறார்கள். சிப்பாயின் சட்டைப் பொத்தான் நிறம் வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களை நான் துஷ்டர்கள் என்று சொல்லவில்லை. தடை செய் என்றும் கேட்கவில்லை. பொத்தான் நிறம் தெரிந்தவருக்கு, அந்தச் சிப்பாய் காவல் காத்த தோட்டத்தின் கூலி விகிதம் ஏன் தெரியவில்லை என்றுதான் கேட்கிறேன். பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போராட்டம். பூனை எழுதிய விதிப் புத்தகம் மட்டுமே நம் பிள்ளைகள் கைக்குக் கிடைத்தால், கணபதி என்பவர் யாரோ ஒரு "பயங்கரவாதி" என்றுதான் அவர்கள் அறிவார்கள்.

மே தினம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய நினைவு நாள். சங்கக் கட்டிடங்களிலும் விவசாயத் தொழிலாளர் கிளைகளிலும் அன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணபதியைப் பற்றியும் பத்தாங் காலியைப் பற்றியும் சொல்லுங்கள், தோழர்களே. தஞ்சை, ராமநாதபுரம் பக்கம் மலேயாவுக்குப் போய்த் திரும்பியவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. வேலிக்குள் இருந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அவர்களைக் கேட்டு, பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வாங்கி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.