ஆண்பிள்ளையின் கையில் குரோஷே ஊசி

பள்ளிவாசல் வாயிலருகே ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் தொப்பிகளை நாம் அனைவரும் அறிவோம். வெறுந்தலையோடு வருவோருக்கென வைக்கப்பட்டவை அவை. ஓரம் உடைந்தும் வியர்வை படிந்தும் கிடக்கும் அவற்றில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு தொழுகிறோம். ஸலாம் கொடுத்ததும் பெட்டிக்குள் எறிகிறோம். அதைச் செய்த கைகள் எவை என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சென்ற நோன்புக்கு முன்னர், எங்கள் இல்லத்தின் ஒன்பது வயதுச் சிறுவன் தன் லாத்தா குரோஷே பின்னுவதைக் கண்டு, தன் தொப்பியைத் தானே பின்னப்போவதாக அறிவித்தான். அவனுடைய பெரியவாப்பா, "ஆம்பளப் புள்ளைக்கு ஊசியும் நூலும் எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கு அன்று நேரடியாக விடை கூற எங்களுக்குத் துணிவில்லை. எனவே இங்கே எழுதுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இந்தச் செய்தியை நாம் பயான்களில் பலமுறை செவியுற்றிருக்கிறோம். கேட்டு நெகிழ்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தான் அறுந்தால் உம்மாவிடம் நீட்டுகிறோம்.

தொப்பி, கற்கத் தொடங்குவோருக்கு மிக ஏற்ற பொருள். தேவையானவை பருத்தி நூலும் 4 மி.மீ. குரோஷே ஊசியும்தான். கம்பளி நூல் நம் வெயிலுக்கு ஆகாது. ஒரு சிறு வளையத்தில் 6 சிங்கிள் குரோஷே, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. ஒவ்வொரு சுற்றிலும் 6 கூடிக்கொண்டே போகும். தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றால், வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 17 செ.மீ. வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் ஒன்றுக்கு ஒன்றாகப் பின்னிச் சென்றால் வட்டம் தானாகவே கீழ்நோக்கி மடிந்து சுவராக இறங்கும். ஏழெட்டு செ.மீ. இறங்கினால் போதும். ஸுஜூதில் நெற்றி தரையில் படவேண்டும். ஆகையால் தொப்பி நெற்றிக்கு மேலேயே நிற்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இல்லங்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

காணொளி பார்த்துக் கற்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதையே ஆங்கிலேயர் டபுள் குரோஷே என்கின்றனர். இது தெரியாமல் நாங்கள் இரண்டு மாலைப் பொழுதுகளை இழந்தோம்.

சிறுவனின் முதல் தொப்பி கிண்ணமாயிற்று. சுற்றுகளில் கூட்ட மறந்துவிட்டான். இரண்டாவது தொப்பியின் ஓரம் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாக நின்றது. அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டான். சுற்றின் தொடக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்தி அடையாளம் வைக்குமாறு லாத்தா சொல்லிக்கொடுத்த பிறகே எண்ணிக்கை அவன் வசப்பட்டது. போர்க்கவசம் செய்த தாவூத் (அலை) அவர்களுக்கு, வளையங்களை இணைக்கையில் அளவைப் பேணும்படி அல்லாஹ் கட்டளையிட்டதை ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. ஓர் இறைத்தூதருக்கே அளவு கற்பிக்கப்பட்டதென்றால், கண்ணிகளை எண்ணி அமர்ந்திருக்கும் சிறுவனைப் பார்த்து நாம் ஏன் நகைக்க வேண்டும்?

பிழையான தொப்பியை அவன் பிரித்தபோது லாத்தாவுக்கு ஓர் ஐயம் எழுந்தது. உறுதியாக நூற்ற நூலைத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயம் எச்சரிக்கிறதே என்றாள். அந்த எச்சரிக்கை சத்தியத்தை முறிப்போருக்கானது. திருத்துவதற்காகப் பிரிப்பது அதில் சேராது என்று விளக்கினோம். ஆயினும் அவள் அப்படிக் கேட்டதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

இதனால் பணம் மிச்சமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆகாது. நூலின் விலைக்கே கடையில் ஆயத்தத் தொப்பி கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கடையில்தான் எங்களுக்கு வேறொன்று விளங்கியது. கையால் பின்னிய தொப்பி ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் பாதிக்குப் பேரம் பேச வாய் திறந்தோம். உடன் வந்த சிறுவன் தொப்பியைத் திருப்பி, உட்புறச் சுற்றுகளை விரலால் எண்ணத் தொடங்கினான். இருபதைத் தாண்டியதும் எங்களை நிமிர்ந்து பார்த்தான். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தோம். இத்தனை ஆண்டுகளாக, வீட்டிலிருந்து பின்னியும் தைத்தும் பிழைக்கும் நம் சகோதரிகளிடம் எத்தனை முறை விலையைக் குறைத்திருப்போம் என்று எண்ணியபோது வெட்கமாகவே இருந்தது. ஒரு தொப்பியையேனும் பின்னிப் பார்க்காதவருக்கு அந்த வெட்கம் வருவது கடினம்.

ஆகவே பெரியவாப்பாவுக்கு எங்கள் விடை இதுவே: பெண்பிள்ளைக்கு எதற்கோ, ஆண்பிள்ளைக்கும் அதற்கே. பள்ளி விடுமுறை நாட்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கைபேசியில் கரையும் பொழுதில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். வாப்பாமாரும் உடன் அமரலாம். தம் பிள்ளையைவிட மெதுவாகத்தான் கற்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தொப்பி முதல் ஸுஜூதிலேயே கண்ணை மூடியபடி இறங்கியது, அதையும் பிரித்தாயிற்று. நான்காவது இப்போது எட்டாம் சுற்றில், 48 கண்ணிகளோடு நிற்கிறது. நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் முடிந்துவிடுமா என்று கேட்கிறான். இன்ஷா அல்லாஹ் என்றிருக்கிறோம்.